பத்தொன்பது காய்ந்த குச்சிகள்

1

நான் ஜெர்மனிக்கு வந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் நிறைந்த காலையில், என் வீட்டுக் குப்பைத் தொட்டியை அள்ளாமல் விட்டுப் போயிருந்தார்கள். கைப்பிடியில் சிவப்புச் சீட்டு ஒன்று தொங்கியது. "மதிப்பிற்குரிய குடியிருப்பாளர் அவர்களே, தங்கள் பழுப்புத் தொட்டியில் மட்காத பொருள் காணப்பட்டதால் இம்முறை அகற்ற இயலவில்லை. அப்பொருளை நீக்கி அடுத்த முறை வைக்கவும்." வாசகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை எழுதியதே நான்தான்.

இந்தச் சிறு நகரத்தின் கழிவு அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பழுப்புத் தொட்டி சமையல் கழிவுக்கு, நீலம் காகிதத்துக்கு, மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, கறுப்பு இவை எதிலும் சேராத பாவங்களுக்கு. மாற்றிப் போடுகிறவர்களுக்கு முதலில் சீட்டு, பிறகு கடிதம், பிறகு அபராதம். மூன்றையும் உணர்ச்சி கலக்காமல் எழுதத் தெரிந்தவள் என்று அங்கே எனக்குப் பெயர். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரருக்கே அபராதம் எழுதிவிட்டு, அன்று மாலை அவருடைய பிறந்தநாள் கேக்கைத் தின்று வந்தேன். நடைமுறை சரியாக இருந்தால் இவர்கள் எதையும் தாங்கிக்கொள்வார்கள்.

தொட்டியைக் கிளறினேன். பிளாஸ்டிக் தயிர்க் கரண்டி ஒன்று கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் போட்டிருக்க வேண்டும். கையில் கரண்டியோடு நிற்கும்போதே விருத்தாசலத்திலிருந்து போன் வந்தது. என் சித்தி மகள் செல்வி. இன்சூரன்ஸ் ஏஜென்ட், ஸ்கூட்டரில் ஊர் முழுக்கச் சுற்றுகிறவள், நல்ல செய்தியை யாரும் அவளிடம் சொல்லி அனுப்புவதில்லை.

"பெரியக்கா, வசந்தா அக்காகிட்ட பேசினீங்களா?"

"ரெண்டு நாளா எடுக்கல. ஏன்?"

"எடுக்காது. வூட்ட உள்பக்கமா தாப்பா போட்டுக்கினு கெடக்குது. ஒரு வீடியோ அனுப்பறேன், பாருங்க. கையில சூடா எதுனா வெச்சிருந்தா கீழ வெச்சிட்டுப் பாருங்க."

2

வசந்தா என் தங்கை. நாங்கள் இருவரும் விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ படித்தவர்கள். நான் கல்யாணமாகி, டைல்ஸ் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த கணவர் பின்னால் இங்கே வந்தேன். அவர் போய்ச் சேர்ந்து ஆறு ஆண்டாகிறது. வசந்தா ஊரிலேயே தங்கி, ஊறுகாய் ஜாடி செய்யும் ஒரு சிறு யூனிட்டில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றாள்.

சூளையை அவசரப்பட்டுத் திறந்தால் சில ஜாடிகளில் மயிரிழை விரிசல் விழும். ஊறுகாய்க்கு ஆகாது, எண்ணெய் கசியும். அப்படிக் கழித்துப் போட்ட பதினான்கு ஜாடிகளை வசந்தா வண்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். காய்கறித் தோல், சாதம், காய்ந்த இலை என்று அடுக்கடுக்காகப் போட்டு, மேலே புளித்த மோர் தெளித்து, ஐம்பது நாளில் எருவாக்கினாள். காற்றுப் போக விரிசலே போதும். முதலில் தன் வீட்டுக் கழிவு; பிறகு தெருவில் பதினோரு வீடுகள் காலையில் வாளியைக் கொண்டுவந்து கொடுத்தன. எரு அந்தந்த வீட்டுச் செடிக்கே திரும்பிப் போனது. இதற்காக அவள் யாரிடமும் பாராட்டு வாங்கியதில்லை. வாளியில் பால் கவர் கிடந்தால் வாளியைத் திருப்பிக் கொடுப்பாள், அவ்வளவுதான். திருப்பிக் கொடுப்பது எங்கள் குடும்பத்தில் ரத்தத்தோடு வருவது.

வீடியோவில் இருந்தவன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் வரும். மரத்தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தெட்டு வயது, பச்சைத் துண்டு, எப்போதும் யாரோ தட்டிக்கொடுத்தது போன்ற முகம். ஊரெங்கும் மரக்கன்று நட்டு வீடியோ போடுகிறவன். கன்றைச் சுற்றி இரும்புக் கூண்டு. கூண்டின் மேல் அவன் படம் போட்ட தகடு.

ஜூன் மாதம் அவன் ஆட்களோடு வசந்தாவின் வாசலுக்கு வந்து, கையில் கன்றைக் கொடுத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லியிருக்கிறான். வசந்தா தெருவே கேட்கும்படி சொன்னாளாம்:

"போன வருசம் நீ வெச்சது பத்தொம்பது. நான் காலையில நடக்கறப்பல்லாம் எண்ணிக்கினுதான் வரேன். ஒண்ணாவது உசுரோட இருக்குதா? முதல்ல போய் அதுக்குத் தண்ணி ஊத்து தம்பி. அப்பறம் வந்து சிரிக்கச் சொல்லு."

பதினைந்து நாள் கழித்து அந்த வீடியோ வந்தது. நாற்பது விநாடி. பேய்ப்பட இசை. வசந்தா குனிந்து ஒரு ஜாடியைக் கிளறுகிறாள். புழு நெளிவதைப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். "தெருவையே நாறடிக்கும் வீடு! உங்க குழந்தைக்குக் காய்ச்சல் வர இதுதான் காரணமா?" என்று அவன் குரல். எருவுக்குப் புழு எவ்வளவு அவசியம் என்பது மரம் நடுகிறவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே சொன்னான்.

மறுநாள் காலை பதினோரு வீட்டிலிருந்தும் ஒரு வாளிகூட வரவில்லை.

3

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். நம் வீட்டுப் பெண்ணை எவனாவது ஒரு சொல் சொல்லிவிட்டால், தனியாகப் போய்க் கேட்க மாட்டோம். பெண்ணாடத்துச் சொந்தம், சேத்தியாத்தோப்புச் சொந்தம் எல்லாம் வேன் பிடித்து வந்து, சொன்னவன் வாசலில் மொத்தமாக நின்று கேட்போம். அடிதடி கிடையாது. கூட்டம் நின்றாலே போதும். எதிராளி வீட்டுக்காரம்மா தண்ணீர்ச் சொம்போடு வெளியே வந்துவிடுவாள்.

நானும் வேனைக் கிளப்பினேன், கைபேசிக்குள். குடும்பக் குழுவில் தொண்ணூற்று நான்கு பேர். எல்லோருக்கும் சுற்றறிக்கை அனுப்பினேன்: அந்த வீடியோவின் கீழே போய் ஆளுக்கொரு கமெண்ட் எழுத வேண்டும், கீழ்க்கண்ட ஏழு விஷயங்களை வரிசையாகக் கேட்க வேண்டும், கெட்ட வார்த்தை கூடாது. இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தின் சாறு அந்த ஏழு விஷயங்கள்.

உறவினர்கள் என்னைக் கைவிடவில்லை. துபாயில் இருப்பவன் எழுதினான். சிங்கப்பூரில் இருப்பவள் எழுதினாள். பெண்ணாடத்துப் பெரியப்பா எழுபத்தெட்டு வயதில் முதல் கமெண்ட் எழுதினார். அது ஒரு முழுப் பக்கம். "இப்படிக்கு" என்று முடித்துக் கையெழுத்தும் போட்டிருந்தார். யாரோ அவருக்குப் பதில் எழுத, அவருக்குப் பரிந்து நான்கு பேர் போக, அந்த நான்கு பேரைப் பார்க்க நாற்பது பேர் வந்தார்கள். தாங்கள் எழுதியதற்குப் பதில் வந்ததா என்று ஒவ்வொருவரும் ஒரு நாளைக்குப் பத்து முறை போய்ப் பார்த்தார்கள். போகும்போதெல்லாம் வீடியோவும் ஓடியது.

அதுவரை அந்த வீடியோ எங்கள் தெருவோடு நின்றிருந்தது. மூன்று நாளில் விருத்தாசலம் தாண்டிவிட்டது. ஐந்தாம் நாள் வசந்தா மனதைத் தேற்றிக்கொண்டு சேத்தியாத்தோப்புக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியிருக்கிறாள். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெண் குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டு, "புழு வளக்கறவங்கதான நீங்க?" என்று கேட்டிருக்கிறாள். வசந்தா பாதி வழியில் இறங்கி, எதிர்ப் பஸ் பிடித்து வீடு திரும்பினாள்.

அன்று போனை எடுத்தாள். "குப்பையும் போச்சி, பேரும் போச்சிக்கா. நீ எதுவும் பண்ணாத. சும்மா இருந்தாலே அது அடங்கியிருக்கும்."

4

என் மகள் இனியாவுக்கு என்ன வேலை என்று ஊரில் கேட்கும்போதெல்லாம் "கம்ப்யூட்டர்" என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். ஒருவர் எதைப் பார்த்தால் அடுத்து எதைக் காட்டுவது என்று இயந்திரம் எப்படி முடிவு செய்கிறது, யாரிடமிருந்து யாருக்கு ஒரு செய்தி தாவுகிறது என்பதையெல்லாம் வரைபடமாகப் போட்டுப் பார்ப்பவள் அவள். அவளுடைய தமிழ் எட்டு வயதில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், தோழிகள், கோபம், காதல் எல்லாம் ஜெர்மன் மொழியில் நடந்தன. என்னிடம் மட்டும் அந்த எட்டு வயதுத் தமிழில், அதுவும் நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பேச்சில், தன் ஆராய்ச்சியை விளக்குவாள். எனக்குப் புரிந்ததற்கு அதுவே காரணம்.

"மெஷினுக்குக் கோவம்னா என்னான்னு தெரியாதும்மா," என்றாள். "யாரு வந்தாங்க, எவ்ளோ நேரம் நின்னாங்க, திரும்ப வந்தாங்களா, அதான் தெரியும். தொண்ணூத்தி நாலு பேரும் வந்து ரொம்ப நேரம் நின்னீங்க. 'அட, இந்த ஆளுங்களுக்கு இது ரொம்பப் புடிச்சிருக்கு'ன்னு அது நெனச்சிக்கும். உங்க ஆளுங்க மாதிரி இருக்கிற எல்லாருக்கும் கொண்டுபோய்க் குடுக்கும்."

"திட்டி எழுதியிருக்கோமேடி."

"அது படிச்சிப் பாக்காதும்மா. எண்ணித்தான் பாக்கும்."

அலுவலகத்தில் என் மேசைக்கு வந்த எத்தனையோ மறுப்புக் கடிதங்களை நானும் படித்துப் பார்த்ததில்லை. எண்ணிக் கட்டித்தான் வைத்தேன். ஆகவே இயந்திரத்தின் மீது எனக்கு வருத்தமில்லை. அவன் மீது இருந்தது. அவன் பெயரை எழுதாமல் இருப்பதும் இதனால்தான். நீங்கள் போய்த் தேடுவீர்கள். அதுவும் ஒரு எண்ணாக அவனுக்குச் சேரும்.

ஒரு பழைய கவரின் பின்னால் இனியா புள்ளிகள் வைத்தாள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆள். தனித்தனிக் கூட்டங்களாக இருக்கும் புள்ளிகளுக்கு நடுவே இரண்டு கூட்டத்திலும் கால் வைத்திருக்கும் ஒரு புள்ளி இருக்கும். செய்தி தாவுவது அதன் வழியாகத்தான் என்றாள். எனக்கு இது போதும். செல்வியைக் கொண்டு முப்பது பேரை விசாரித்தேன்: முதலில் யார் அனுப்பினார்கள், அவர்களுக்கு யார் அனுப்பினார்கள்? கட்டம் போட்டு நிரப்பினேன். தெருக் குழு, கோயில் குழு, பழைய மாணவர் குழு மூன்றிலும் ஒரே பெயர் வந்து நின்றது. வசந்தாவின் எதிர் வீட்டில் இருக்கும், ஓய்வு பெற்ற டீச்சரம்மா. "நம்ம தெருவிலா இப்படி?" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

வசந்தாவிடம் வெற்றிக் குரலில் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும்க்கா," என்றாள். "வீடியோவுல நம்ம பின்கட்டு மேலேருந்து தெரியுது. அவங்க மொட்டை மாடியில நின்னாதான் அப்படித் தெரியும். ஏறி எடுத்துக்கடான்னு சாவி குடுத்திருக்காங்க. மூணு மாசம் முன்னால அவங்க வாளிய பால் கவரோட திருப்பிக் குடுத்தேன்ல, அந்தக் காந்தல்."

"ஏன்டி சொல்லல?"

"நீ எங்க கேட்ட? நீதான் கட்டம் போட்டுக்கினு இருந்தியே."

5

மன்னிப்பில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. மேல்முறையீட்டில் உண்டு. புலம்பெயர்ந்தவளுக்கு ஊரோடு மிஞ்சியிருக்கும் உறவுகளில் உயிருள்ளது பழிவாங்கல்தான் என்று தோன்றுகிறது. பாசம் பண்டிகைக்குப் பண்டிகை ஒரு வாழ்த்துப் படமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் எவனையோ நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்த அந்தக் காலைகளில், நான் இந்த நகரத்தில் இல்லை. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் நின்றேன்.

இனியாவிடம் பொதுவாகக் கேட்பது போல ஒரு கேள்வி கேட்டேன். ஒருவர் ஒரு வீடியோ முடிந்ததும் இன்னொன்றைப் பார்க்கிறார்; அதே இரண்டையும் அதே வரிசையில் நிறையப் பேர் பார்த்தால்?

"அப்ப ரெண்டும் ஜோடின்னு மெஷின் நெனச்சிக்கும். ஒண்ணு பாத்தா பக்கத்துல இன்னொண்ண வெக்கும்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "ஏம்மா?"

"சும்மாதான்."

"இல்ல. நீ சும்மா எதுவும் கேக்க மாட்ட. கூட்டமா சேர்ந்து மெஷின ஏமாத்துறவங்களக் கண்டுபிடிக்கிறதுதான்மா என்னோட வேலை. தொண்ணூத்தி நாலு பேரும் ஒரே நேரத்துல ஒண்ணாப் போனா உடனே மாட்டிக்குவீங்க. அது தப்பு. செய்யாத."

எதைச் செய்தால் மாட்டுவோம் என்று சொல்லித்தருவது, எதைச் செய்தால் மாட்ட மாட்டோம் என்று சொல்லித்தருவதும்தான். ஒரு நடைமுறைக்காரியின் மகள் இதை யோசித்திருக்க வேண்டும்.

செல்வியை அனுப்பினேன். பாலிசி வேலையாக ஸ்கூட்டரில் போகும் வழியிலேயே பத்தொன்பது இடத்தையும் படம் பிடித்தாள்: ஜங்ஷன் ரோடு, மணிமுத்தாற்றங்கரை, கோயில் வடக்கு வீதி, பெண்ணாடம் போகும் சாலை. ஒவ்வொன்றும் பன்னிரண்டு விநாடி. இசை இல்லை, பேச்சு இல்லை, வண்டிச் சத்தமும் காற்றும்தான். இரும்புக் கூண்டு, உள்ளே காய்ந்த குச்சி, கீழே இடத்தின் பெயரும் நட்ட தேதியும். புதிதாக ஒரு பக்கம் தொடங்கிப் பத்தொன்பதையும் ஏற்றினோம்; யார் பெயரையும் போடவில்லை. கூண்டின் தகட்டில் அவனே சிரித்துக்கொண்டிருந்தான், வெயிலில் பாதி வெளுத்து.

இரண்டாவது சுற்றறிக்கை முதல் சுற்றறிக்கையைவிடச் சிறியது. அவன் கன்று நடும் பழைய வீடியோவை முழுதாகப் பார்க்கவும். ஒரு எழுத்தும் எழுத வேண்டாம். பிறகு அதே இடத்துக் குச்சியை முழுதாகப் பார்க்கவும். பெண்ணாடத்தார் திங்கள் காலை, சேத்தியாத்தோப்பார் செவ்வாய் மாலை, வெளிநாட்டார் அவரவர் வசதிப்படி. ஒரே நேரத்தில் கூட்டம் சேரக் கூடாது. பெரியப்பாவுக்கு மட்டும் தனியாகப் போன் செய்து, "கையெழுத்துப் போடாதீங்க" என்று கெஞ்சினேன்.

இனியாவிடம் நானே சொன்னேன். மறைத்துச் செய்வது எனக்கு ஒத்துவராது. அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஜெர்மன் மொழியில் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள்: "அவன் செய்ததற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன?" அதைத் தமிழில் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். அடுத்த இரண்டு ஞாயிறுகளும் அவள் வரவில்லை. வித்தியாசத்தை மட்டும் யோசித்து வைத்தேன்: அவன் காட்டியது பொய், நான் காட்டியது உண்மை. அந்த விடை என்னைத் தவிர யாரையும் திருப்திப்படுத்தாது என்பதும் தெரிந்தே இருந்தது.

6

பதினோராம் நாள் செல்வி கத்தினாள்.

"பெரியக்கா! நம்ம குழுவுல இல்லாத ஒரு டீக்கடைக்காரர் போன்ல பாத்தேன். அவன் புதுசா எங்கியோ கன்னு நடறான், கை தட்றாங்க, முடியுது. முடிஞ்ச ஒடனே கீழ நம்ம குச்சி வந்து நிக்கிது!"

"எந்தக் குச்சி?"

"ஜங்ஷன் ரோட்டுக் குச்சி. டீக்கடைக்காரர், 'இதென்னாங்க, கல்யாண வூட்டு வாசல்ல பாடையக் கட்டி வெச்சாப்பல'ன்னு சிரிக்கிறாரு."

ஜெர்மனிக்கு வந்த பிறகு அன்று நான் இரண்டாம் முறை பாயசம் வைத்தேன். முதல் முறை வைத்தது என் பணி ஓய்வு நாளில்.

அதன் பிறகு எங்கள் உறவினர் தேவைப்படவில்லை. இயந்திரம் தானாகவே வேலையை எடுத்துக்கொண்டது. அவன் எங்கே நட்டாலும் அவன் காலடியில் ஒரு காய்ந்த குச்சி வந்து நின்றது. ஊர்க்காரர்கள் தாங்களே கூண்டுகளைத் தேடிப் போய்ப் படம் எடுத்தார்கள். கன்று கொடுத்துவந்த நர்சரிக்காரர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு கல்யாண மண்டபத் திறப்பு விழாவுக்கு அவனைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். அழைப்பிதழில் அவன் பெயர் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி விநியோகித்தார்களாம். அந்த அழைப்பிதழ் ஒன்றைச் செல்வியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, கைபேசியில் வைத்திருக்கிறேன். அவ்வப்போது பார்க்கிறேன்.

இவ்வளவு நடந்தும் வசந்தாவின் வாசலுக்கு ஒரு வாளிகூட வரவில்லை. அவன் பெயர் கெட்டதால் அவள் பெயர் திரும்பிவிடவில்லை. ஜாடிகள் காய்ந்து கிடந்தன. அந்தக் கணக்கு இயந்திரத்திடம் இல்லை.

7

ஆகஸ்ட்டில் ஒரு மதியம், இங்கே நான் சாப்பிட உட்காரும் நேரம், வசந்தா வீடியோ போன் செய்தாள். அவள் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் அவன் உட்கார்ந்திருந்தான். துண்டு இல்லை.

"அக்கா, தானா வந்திருக்கு இந்தத் தம்பி. நீயே பேசு. எனக்குப் பேச வாய் வரல."

"வணக்கம்மா," என்றான். "அந்த வீடியோவெல்லாம் எடுத்துடுங்கம்மா. எங்க அம்மா கடைக்குப் போனாக்கூட 'குச்சி வூட்டுக்காரம்மா'ங்கறாங்க."

எனக்கு அந்த வரி இனித்தது. உள்ளதை எழுதுகிறேன்; அவன் அம்மாவுக்காக எனக்கு உடனே இரக்கம் வரவில்லை. பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கிய என் தங்கைதான் மனதில் வந்து நின்றாள்.

"எங்க குச்சியில பொய் இருக்குதா தம்பி?"

"இல்லம்மா."

"உன் வீடியோவுல?"

அவன் தரையைப் பார்த்தான். "டீச்சர்தாம்மா மாடிக்குக் கூப்பிட்டாங்க. நான் பாட்டுக்கு..."

"டீச்சர் சாவி குடுத்தாங்க. காய்ச்சல்னு சொன்னது யாரு?"

"நான்தான்மா."

நிபந்தனைகளை முன்பே எழுதி வைத்திருந்தேன். வரட்டும் என்று காத்திருந்தேன். முதலாவது, வசந்தாவின் வீடியோவை உடனே நீக்க வேண்டும். இரண்டாவது, பதினோரு வீட்டுக்கும் நேரில் போக வேண்டும். கேமரா கூடாது. "நான் சொன்னது பொய்" என்ற மூன்று சொல்லை, கூடக் குறையாமல், ஒவ்வொரு வாசலிலும் சொல்ல வேண்டும். மூன்றாவது, பத்தொன்பது இடத்திலும் புதுக் கன்று நட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எந்த இடத்தில் கன்று ஒரு வருடம் உயிரோடு நிற்கிறதோ, அந்த இடத்துக் குச்சி வீடியோ மட்டும் நீங்கும். நின்றதற்குச் சாட்சி செல்வி.

"ஒரு வருசமாம்மா?"

"மேல்முறையீடு பண்ணணும்னா என்கிட்டதான் பண்ணணும். பதில் சொல்ல தொண்ணூறு நாள் எடுத்துக்குவேன்."

"அவன் பாவம்க்கா," என்று வசந்தா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"பாவந்தான். தண்ணி ஊத்தட்டும்."

8

இதை எழுதும்போது மார்கழி. அவன் தினமும் காலையில் இரண்டு குடங்களைக் கட்டிய சைக்கிளில் சுற்றுகிறான் என்று செல்வி சொல்கிறாள். அவனைப் படம் எடுக்க யாரும் இல்லை. எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவும் இல்லை, யாருக்கும் தோன்றவில்லை. பதினேழு கன்றுகள் தழைத்திருக்கின்றன. இரண்டை ஆடு தின்றுவிட்டது, திரும்ப நட்டான், அந்த இரண்டுக்கும் ஒரு வருடக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அவன் தகராறு செய்யவில்லை. கூண்டுத் தகடுகளைத் தானே கழற்றிவிட்டான்.

இனியா மூன்றாம் ஞாயிறு வந்தாள். என்னை மாதிரி ஆட்களைக் கண்டுபிடிக்கத் தன் குழு புதிதாக ஒரு வழி கண்டிருக்கிறது என்று மட்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு, எட்டு வயதுத் தமிழில் சொன்னாள். தாயைப் பிடிக்கப் பொறி செய்யும் பிள்ளை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நான் தவித்துக் காத்திருந்தது வாளிகளுக்காக. அவன் வாசல் வாசலாகப் போய் மூன்று சொல்லைச் சொன்ன வாரத்தில் இரண்டு வீடுகள் வந்தன. பிறகு ஐந்து. பஸ்ஸில் கேட்ட பெண்ணைத் தேடிப் பிடிக்க முடியாது; அது அப்படியேதான் இருக்கும். ஆனால் நேற்றுப் பேசும்போது வசந்தாவின் குரலில் பழைய உப்பு இருந்தது. பின்னால் ஜாடி மூடி வைக்கும் சத்தம் கேட்டது.

"எத்தன வூடு வருது இப்ப?"

"பத்து."

"பதினொண்ணாவது?"

"அதுவும் வருது. நீ குடுத்த மூணு வார்த்தைய அவன் எதிர் வூட்டு வாசல்லதான் சத்தமா சொன்னான். 'சாவி குடுத்ததும் இவங்கதான்'னு நாலாவதா ஒண்ணும் சேத்து சொல்லிட்டான். பத்து வூடும் கேட்டுச்சி. மறுநாளுலேருந்து டீச்சர் வாளியத் தூக்கிக்கினு வாசல்ல வந்து நிக்கிறாங்க. பால் கவரு கிவரு ஒண்ணும் கெடையாது. வெங்காயத் தோல தனியா, முட்டை ஓட்ட தனியா பிரிச்சி, கழுவிக் கொண்டாறாங்க."

"நீ என்னா சொன்ன?"

"'ஜாடியெல்லாம் நெறஞ்சி போச்சிங்க டீச்சர், நாளைக்கிப் பாக்கலாம்'னு சொன்னேன்."

"எப்பலேருந்து சொல்ற?"

"நாலு மாசமா."

"தெனமுமா? அவங்களும் தெனம் வராங்களா?"

"வராங்க. பத்து வூட்டுக்காரங்களும் நின்னு பாக்கறாங்கல்ல. வராம எப்படி?"

பிறகு கேட்டேன்.

"நெசமாவே ஜாடி நெறஞ்சிதான் இருக்குதா?"

"நாலு காலியா இருக்குதுக்கா," என்றாள் என் தங்கை.